சின்ன டிரைவில் ஜெனிற்றாவின் குரல்

கீரிக் கிராமத்தில் சந்தியோகுவிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு, வேறு ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்பவரைப் போல அப்பாவி கிடையாது. மீன் லொறி ஓடிய காலத்தில், பேசாலையில் ஏற்றிய கதையை ஐஸ் கரைய முன்னமே மன்னார்ப் பட்டினத்தில் இறக்கிவிடுவார். அதற்குக் கூலியும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு சங்கதியை மட்டும் வாய்க்குள் பூட்டி வைத்திருந்தார். அதுவும் பெற்ற மகளுக்கு ஒளித்து.

அவருடைய மனைவி ஜெனிற்றா பசான் பாடுவதில் பேர்போனவர். தவக்காலத்தில் ஆண்டவரின் பாடுகளை அவர் இழுத்துப் பாடினால் கோயிலில் குழந்தைகூடச் சிணுங்காது. கடைசித் தவக்காலத்தில் கட்டிலில் சாய்ந்தபடி பாடியதைச் சந்தியோகு போனில் பிடித்துக் கம்பியூட்டரில் போட்டு வைத்தார். நடுவில் இருமல் வரும். அது ஓய்ந்ததும், விட்ட இடத்திலிருந்து பாட்டு வரும்.

ஜெனிற்றா கண்ணை மூடிய பிறகு கம்பியூட்டருக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார், சோறு தண்ணி இல்லாமல். மகள் டிலோஜினிக்கு அந்த இருமல் தாங்கவில்லை. வெறும் தடிமன் என்று நினைத்து அம்மாவுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள்தான். அந்தப் பாட்டை அழித்துவிடச் சொல்லி அழுதாள். அழித்துவிட்டதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, வீட்டில் ஒருவரும் திறக்காத சின்ன டிரைவுக்குள் பாட்டை ஒளித்தார். இடம் போதவில்லை. உள்ளே கிடந்த விளங்காத சாமான்களை, மீன்பெட்டி கழுவுகிறமாதிரி வழித்து எறிந்தார். கம்பியூட்டர் படுத்தால் எழுப்புவதற்கென்று வைத்திருந்த சாமான் அது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த மாசியில் கம்பியூட்டர் படுத்தது. பழையபடி ஆக்கித் தரட்டுமா என்று திரையில் கேட்கும். ஓம் என்று அமத்தினால் முடியவில்லை என்று கையை விரிக்கும். டிலோஜினி பட்டினத்திலிருந்து, திருத்துகிற நிப்ராஸைக் கூட்டி வந்தாள். அவன் பேரப்பிள்ளைகளின் படங்களையெல்லாம் பத்திரமாக வெளியே எடுத்தான். பிறகு புருவத்தைச் சுருக்கினான்.

"அங்கிள், இந்தச் சின்ன டிரைவைத் துடைச்சுப்போட்டுத்தான் ரிக்கவரியைத் திரும்பப் போடலாம். இதுக்குள்ள பாட்டு ஒண்டு கிடக்குது. போட்டுப் பாக்கட்டோ?"

டிலோஜினி தேத்தண்ணியோடு வாசலில் நின்றாள். சந்தியோகு அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"வேண்டாம் தம்பி. அது குப்பை. எறியுங்கோ."

நிப்ராஸ் எறிந்தான். புதிதாக ரிக்கவரியை ஏற்றினான். வெளிக்கிடும்போது சந்தியோகு படலைவரை கூடப்போய், துடைத்ததைத் திரும்ப எடுக்க ஏதும் வழி இருக்கிறதா என்று சும்மா கேட்கிறமாதிரிக் கேட்டார். அதற்கு மேலேயே எழுதிவிட்டதால் இனி எடுக்க முடியாது என்றான் அவன். என்ன பாட்டு என்று கேட்டான். ஊர்க்கதை முழுக்கச் சொல்லக்கூடிய வாய், ஒன்றுமில்லை என்றது.

வெள்ளிக்கிழமை கோயிலில் பசான் பாடினார்கள். ஜெனிற்றா பாடுகிற இடத்தை வேறொரு பெண் பாடினாள், நல்ல குரல். சந்தியோகுவும் கூடவே முணுமுணுத்தார். இருமல் வருகிற இடம் வந்ததும் தன்னை அறியாமல் நிறுத்தினார். பாட்டு அவரை விட்டுவிட்டுப் போனது.

நிமிர்ந்து பார்த்தார். பெண்கள் பக்கத்தில் டிலோஜினியும் அந்த இடத்தில் நிறுத்தியிருந்தாள்.