ஒரே கோப்பிக்கடையில் ஐந்து ரப்பர் தோட்டங்கள்

போன சனிக்கிழமை என் கைபேசி வரைபடத்தில் ஐந்து ரப்பர் தோட்டங்கள் ஒரே கோப்பிக்கடைக்குள் இருந்தன!

எல்லாம் ஸ்டெல்லாவுக்கு உதவப் போன வினை. புக்கிட் செலம்பாவில் சின்னத் தோட்டக்காரர்களிடம் ரப்பர் வாங்கி, லோரியில் தொழிற்சாலைக்கு அனுப்புகிறவர். ஐரோப்பாவில் புதுச் சட்டம் வருகிறது – காட்டை அழித்து நட்ட மரத்து ரப்பர் அங்கே நுழையக்கூடாது. அதனால் ஒவ்வொரு தோட்டமும் எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும். காட்டாத சரக்கை அடுத்த மாதத்திலிருந்து எடுக்கமாட்டோம் என்று தொழிற்சாலை சொல்லிவிட்டது.

"அண்ணே, நீங்க நில ஆபீஸ்ல இருந்தவரு. கொஞ்சம் பாத்து செஞ்சு குடுங்க லா" என்றார்.

'தோட்டத்தில் நின்று வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்புங்கள்' என்று எல்லோருக்கும் செய்தி போட்டேன். தெளிவாகத்தானே எழுதினேன்? ஐந்து பேரும் கோப்பிக்கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டே அனுப்பியிருக்கிறார்கள்!

வேறு வழி? ஸ்டெல்லாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து நானே கிளம்பினேன். நான்கு தோட்டம் முடிந்தது. ஐந்தாவதில் முனியாண்டி அண்ணன் வழியை மறித்து நின்றார்.

"என் நெலம் எங்க இருக்குன்னு வெள்ளைக்காரனுக்கு எதுக்கு? நெலப் பத்திரம், அந்த கெரான், இன்னும் செத்துப்போன எங்க அண்ணன் பேர்லதான் இருக்கு. எழுதிக் குடுத்தா நாளைக்குப் புடுங்கிக்குவான்!"

அரை மணி நேரம் விளக்கினேன். சட்டம், வரைபடம், ஐரோப்பா... மனிதர் அசையவில்லை. என் குரல்தான் உயர்ந்தது.

ஸ்டெல்லா மெதுவாகச் சொன்னார். "நெலத்த யாரும் எடுக்கமாட்டாங்கண்ணே. நீங்க வெட்டுற பால எடுக்கத்தான் ஆள் இருக்காது. நானும் வர முடியாது."

முனியாண்டி அண்ணன் வழியை விட்டு விலகினார். பிறகு, "வாங்க, எல்லைக் கல்லக் காட்டுறேன்" என்று முன்னால் நடந்தார்.

நடக்கும்போதுதான் சொன்னார் – கெரானில் பெயர் மாற்ற இரண்டு முறை நில அலுவலகம் போயிருக்கிறார். இரண்டு முறையும் பேப்பர் சரியில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். வேலையில் இருந்தபோது இப்படி எத்தனை பேரை நானும் அனுப்பியிருப்பேன்? அன்று மாலையே அவருக்கு மனு எழுதிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை ஐந்து தோட்டங்களின் விவரத்தையும் தொழிற்சாலையில் நீட்டினோம். அங்கிருந்த கிளார்க் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சட்டத்தத் தள்ளி வச்சிட்டாங்க அங்கிள். ஃபாரமும் மாறுதாம்."

"எப்ப வரைக்கும்?"

"தெரியல லா."

எனக்கு வந்த கோபத்துக்கு... ஸ்டெல்லாவோ சிரித்தார். "எப்ப வந்தாலும் நம்ம ரெடிண்ணே. முனியாண்டி அண்ணன் மனுவும் போட்டாச்சு."

ஸ்டெல்லாவுக்குப் பொறுமை உண்டு. எனக்குக் காலில் கொசுக்கடியே இன்னும் ஆறவில்லை!