சிவப்புக் காருக்குப் பத்மினி போட்ட கொக்கி

எதுத்த கடை பத்மினிய எனக்குப் புடிக்காது. மொதல்லயே சொல்லிடறேன். அப்பறம் நடுவுல வந்து, இன்னாப்பா இப்படிப் பேசறேன்னு யாரும் கேக்கக் கூடாது. ஆந்திரா பக்கம் புத்தூர்ல இருந்து ரேணிகுண்டா போற ரோட்டுல முப்பது வருசமா ட்ராக்டர் ட்ரெய்லர் செஞ்சிக்கினு இருக்கறவன் நான். பேரு முனிரத்தினம். ட்ரெய்லர் முனிரத்தினம் கடைன்னு சொன்னா பஸ் கண்டக்டரே எறக்கி உட்டுட்டுப் போவான். அந்த ரோட்டுல, நாலு வருசத்துக்கு முன்னால, எனக்கு நேர் எதிர்ல ஒரு தகர ஷெட்டு போட்டு, 'பத்மினி வெல்டிங் ஒர்க்ஸ்'னு தெலுங்குல போர்டு மாட்டிக்கினா.

யாரு அவ? விஜயபுரம் பக்கம் எங்க ஊருக்கும் அவங்க ஊருக்கும் நடுவுல ஒரு ஏரிதான். அவ நைனா கங்கையாவுக்கு ஒரு குழி நெலம் கெடையாது. ஒரு மாட்டு வண்டி இருந்துச்சி. எங்க வீட்டு வேர்க்கடல மூட்டைய அவருதான் மண்டிக்கு ஏத்திக்கினு போவாரு. அந்த ஆளு பொண்ணு எனக்கு எதிர்ல போர்டு மாட்டனா வயிறு எரியாதா? எரிஞ்சிச்சி. அது தப்புன்னு தெரியும், ஆனாலும் எரிஞ்சிச்சி.

ஐடிஐல நாப்பது பசங்க நடுவுல அவ ஒருத்தி வெல்டிங் படிச்சவ. சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில அஞ்சு வருசம் சைலன்சர் பைப்பு ஒட்டிக்கினு இருந்தா. காண்ட்ராக்ட் முடிஞ்சிச்சின்னு ஒருநாள் அனுப்பிட்டாங்க. வீட்டுக்காரன் சாய்குமாரு ரேணிகுண்டா ஸ்டேசன்ல பார்சல் ஏத்தறவன். தாலிய ஒண்டி உட்டுட்டு மத்ததெல்லாம் வித்து மெஷினு வாங்கிக்கினா. வந்த ஆறு மாசத்துல, எங்கிட்ட வீட்டுக்கு இரும்பு கேட்டு, கிரில்லு செய்ய வர்றவங்க ரோட்ட தாண்டிப் போவ ஆரம்பிச்சிட்டாங்க. அவ ஒட்டு போட்டா மீனு செதிலு மாதிரி வரிசையா குந்தும். என்னுது கெட்டியாத்தான் இருக்கும், ஆனா சாணி அப்புன மாதிரி இருக்கும். இத நானே சொல்லிக்கறேன், வேற எவனாவது சொன்னா உதைப்பேன்.

வெளியாளு கூட பரவால்ல. என் பொண்டாட்டி ரத்னம்மா இருக்கறாளே, சோத்தப் போட்டுக்கினே, "அந்தப் பொண்ணு இன்னா கை வச்சிருக்குது!"ன்னு சொல்லுவா. சோறு எறங்குமா எனக்கு? மதியானமானா ஒரு சொம்பு மோரு வேற ரோட்ட தாண்டிப் போவும்.

போன ஆவணியில ஒரு சிவப்புக் காரு என் கடை வாசல்ல வந்து நின்னுச்சி. ரெண்டே சீட்டு, மேல மடக்கற துணிக் கூரை, தரையோட தரையா கெடக்குது. இருவது வருசத்துக்கு மேல ஆன ஸ்போர்ட்ஸ் காரு. எறங்கனவன் யஸ்வந்த், விஜயபுரம் பக்கத்துப் பையன்தான், சென்னையில கம்ப்யூட்டர் வேலை. ஊர்ல அவங்க நைனா செக்கு வச்சிருக்காரு. வாரா வாரம் கடலெண்ணெய் டின்னுங்கள சென்னைக்கு எடுத்துக்கினு போவணுமாம். அதுக்கு இந்தக் காருக்குப் பின்னால ஒரு குட்டி ட்ரெய்லரும், இழுக்கக் கொக்கியும் வேணுமாம்.

நான் குனிஞ்சி பாத்தேன். பாடி பூரா ஃபைபரு. தட்டனா டம்ளர் மாதிரி சத்தம் வருது.

"தம்பி, இதுக்குக் கொக்கி போட்டா ட்ரெய்லரு வராது, உன் பம்பரு ஒண்டிதான் கழண்டு வரும். ஒரு மினி வேன் வாங்கிக்கினு போப்பா."

டீக்கடையில குந்திக்கினு இருந்தவங்கள்லாம் சிரிச்சாங்க. சிரிப்பு வந்தா எனக்கு வாயி நிக்காது. "இதுக்கெல்லாம் எதிர்ல ஒரு இன்ஜினியரம்மா கீறாங்க, அங்க கேளு"ன்னு கைய காட்டிட்டேன். கிண்டலுக்குத்தான் காட்டனேன். அவன் நெசமாவே வண்டிய திருப்பிக்கினு அங்க போயிட்டான்.

பத்மினி சிரிக்கல. ஒரு அட்டைய விரிச்சிப் போட்டு காருக்கு அடியில படுத்தவ, அன்னிக்கி பூரா வெளிய வரல. பழைய கல்யாணப் பத்திரிகைங்கள வெட்டி வெட்டி சேசிஸ் மேல வச்சி அளவு எடுத்தா. ஃபைபர்ல கையே வைக்கல. அதுக்கு உள்ள ஓடற ரெண்டு இரும்பு சட்டத்தப் புடிச்சிக்கினா. நானா இருந்தா அங்கயே வெல்டிங் வச்சிருப்பேன், பெட்ரோல் டேங்கு பக்கத்துல. அவ ஒரு பொறி கூட காருல படவுடல. தகட்ட வெளிய வச்சி செஞ்சி, சட்டத்துல ஓட்ட போட்டு, போல்ட்டு முறுக்கனா சட்டம் நசுங்காம இருக்க உள்ள ஒரு துண்டு பைப்பு சொருவி, எட்டு போல்ட்டுல இறுக்கிட்டா. சென்னை புதுப்பேட்டையில இருந்து கொக்கிக்கு ஒரு இரும்பு உருண்டைய வரவச்சி அதுமேல மாட்டனா. ரெண்டு பக்கமும் சங்கிலி வேற.

அந்த பைப்புத் துண்டு விசயம் எனக்குத் தோணியே இருக்காது. அன்னிக்கி ராத்திரி தூக்கம் வரல, தெரியுமா? ஒரு சாண் பைப்பு! முப்பது வருசத்துல எனக்கு ஏன் தோணல?

செவ்வாக்கிழமை ட்ரெய்லர் ஃப்ரேம எடுத்துக் கட்டனா. நான் இந்தப் பக்கம் ஸ்டூலு போட்டுக்கினு, பேப்பர் படிக்கற மாதிரி பாத்துக்கினு இருந்தேன். சக்கரம் மாட்டற அச்சத் தூக்கி ஃப்ரேமுக்கு நட்டநடுவுல வச்சா. டேப்பு புடிச்சி முன்னால பின்னால அளந்து, சரிபாதியில.

யஸ்வந்த் கேட்டான், "அக்கா, கரெக்டா நடுவுலயா?"

"ஆமா தம்பி. பாரம் வண்டி கழுத்துல குந்தக் கூடாது. எங்க நைனா மாட்டு வண்டிக்கு அப்படித்தான் வைப்பாரு. நொகத்த ஒத்த வெரலால தூக்கலாம்."

என் வயித்துல பாலு வார்த்த மாதிரி இருந்துச்சி. அப்பாடா, மாட்டிக்கினா!

மாடு நடந்து போவுது. காரு எம்பதுல போவும். அச்சு நடுவுல இருந்து, கொக்கி மேல பாரமே இல்லன்னா, வேகம் ஏற ஏற ட்ரெய்லரோட வாலு ஆடும். ஆட ஆரம்பிச்சா நிக்காது, இழுக்கற வண்டியவும் சேத்துச் சுத்திப் போட்டுடும். அச்சு கொஞ்சம் பின்னால போயி, முன்பக்கம் கொஞ்சம் கனமா இருக்கணும். இது எனக்கு எப்படித் தெரியும்? நான் மொத மொதல்ல ஜீப்புக்குச் செஞ்ச ட்ரெய்லரு அப்படித்தான் வடமாலப்பேட்டைகிட்ட கவுந்துச்சி. மாங்கா பூரா பள்ளத்துல. டிரைவருக்கு ரெண்டு காலும் ஒடஞ்சிச்சி. இன்னிக்கும் அவன் குச்சி வச்சிக்கினுதான் நடக்கறான்.

எல்லாம் தெரிஞ்சிம் கம்முனு இருந்தேன். பத்து தப்படி ரோடு. தாண்டிப் போயி ஒரு வார்த்த சொல்ல அர நிமிசம் ஆவாது. போவட்டும், ரோட்டுல ஆடட்டும், நாலு பேரு பாத்து சிரிக்கட்டும், ரத்னம்மாவும் பாக்கட்டும்னு நெனைச்சேன். புதங்கிழமை பெயிண்டு அடிச்சா. வேழக்கிழமை லைட்டுக்கு ஒயரு இழுத்தா. மூணு நாளும் நான் நல்லா துன்னுட்டு நல்லா தூங்கனேன்.

வெள்ளிக்கிழமை காலையில மொத ஓட்டம். எங்க ரோட்டுல ஒரு வழக்கம் இருக்குது. ட்ரெய்லரு செஞ்ச கை எதுவோ, அந்த ஆளு மொத ஓட்டத்துல அதுமேல குந்திக்கினு கங்கம்மா கோயிலு வரைக்கும் போயி கற்பூரம் ஏத்தணும். நம்பிக்கைக்கு அதுதான் சீட்டு. நானும் இது வரைக்கும் எல்லாத்துலயும் குந்தியிருக்கறேன். அந்த வழக்கம் எனக்கு எப்படி மறந்துச்சோ தெரியல. ட்ரெய்லரு ஆடும்னு நெனைச்சேனே தவிர, அவ அதுமேல குந்தியிருப்பான்னு நெனைக்கவே இல்ல.

எண்ணெ டின்னுங்கள வரிசையா அடுக்கனாங்க. ரத்னம்மா தேங்கா ஒடைச்சா, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சா. பத்மினி பொடவைய இழுத்துச் சொருவிக்கினு, பின்பக்கம் ஏறி, கடைசிப் பலகையில முதுக சாச்சிக்கினு குந்திக்கினா. போச்சி, பின்னால இன்னும் கனம்.

"அக்கா, பைபாஸ்ல எம்பது வரைக்கும் புடிச்சிப் பாத்துடலாமா?"ன்னான் யஸ்வந்த்.

"புடி தம்பி, பாத்துடலாம்." சிரிக்கறா. என்னப் பாத்து கையாட்டறா. "அண்ணா, போயிட்டு வர்றேன்!"

எனக்கு அந்த ஜீப்பு டிரைவரோட காலு கண்ணு முன்னால வந்துச்சி. அப்பவும் பாருங்க, 'நில்லும்மா, அச்சு தப்பு'ன்னு ஒரு வார்த்த வாயில வரல. சொன்னா, எப்ப இருந்து தெரியும்னு கேப்பாளே! ரோட்ட தாண்டி ஓடனேன். வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு முன்பக்கம் ஏறி, கொக்கிக்கு மேலயே வர்ற மாதிரி குந்திக்கினேன். தொண்ணூறு கிலோ ஒடம்பு.

"இந்த ரோட்டுல எவ ட்ரெய்லரு செஞ்சாலும் நானும் வருவேன். இன்னா இப்ப?"

பத்மினிக்கு ஒரே சந்தோசம். ரத்னம்மா என்ன ஒரு மாதிரியா பாத்தா. வண்டி கெளம்பிச்சி.

நாப்பதுல ஒண்ணும் இல்ல. அம்பது தாண்டனப்ப பின்னால லேசா ஒரு ஆட்டம். எங்க வீட்டு நாயி வாலாட்டற மாதிரி, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். டின்னுங்க இடிச்சிக்கினு சத்தம் போட்டுச்சி. பத்மினி மொகத்துல சிரிப்பு போச்சி.

"முன்னால வா!"ன்னு கத்தனேன். "எழுந்து நிக்காத, தவழ்ந்து வா! ஏய் யஸ்வந்து, பிரேக்க மிதிக்காத, ஆக்சிலேட்டர உடு!"

தவழ்ந்து வந்து என் பக்கத்துல குந்தனா. ஆட்டம் கொறஞ்சி நின்னுச்சி. பக்கத்துல ஒரு லாரி ஆரன் அடிச்சிக்கினு தாண்டிப் போச்சி. ஒரு நிமிசம் லேட்டாயிருந்தா அதுக்கு அடியில போயிருக்கும் எல்லாம்.

கோயில்கிட்ட எறங்கனதும் அவ கற்பூரத்த எடுக்கல. ட்ரெய்லரக் கழட்டி, முன்கட்டைய ஒத்த வெரலால தூக்கிப் பாத்தா. காத்து மாதிரி எழுந்துச்சி. அப்பறம் என்ன முன்பக்கம் ஏறச் சொன்னா. திரும்பத் தூக்கனா. ரெண்டு கையால கூட தூக்க முடியல. அச்சப் பாத்தா. என்னப் பாத்தா.

"அண்ணா, நீங்க சும்மா முன்னால குந்தல."

நான் எறங்கி வேட்டிய ஒதறிக்கினேன்.

"அச்ச நான் என்னிக்கி ஒட்டனேன்?"

"செவ்வாக்கிழமை."

"இன்னிக்கி?"

"வெள்ளிக்கிழமை."

"மூணு நாளு"ன்னா. கற்பூரம் ஏத்தி, என் கையிலயும் திருநீறு குடுத்தா. எனக்கு அழுவ வந்துச்சி, வெட்கத்துல. ட்ரெய்லர அங்கயே உட்டுட்டு, காருல ஏறி போயி மெஷின டெம்போவுல எடுத்துக்கினு வந்து, அச்ச அறுத்து ஒரு அடி பின்னால தள்ளி ஒட்டனா. திரும்ப எம்பதுல போனாங்க. கல்லு மாதிரி வந்துச்சி.

அடுத்த வாரம் யஸ்வந்த் அத வீடியோ எடுத்துப் போட்டான். அதுல பத்மினி பேசறா: "கொக்கி நான் போட்டேன். அச்சு தப்பா இருந்துச்சி, எங்க முனிரத்தினம் அண்ணன்தான் அதக் கண்டுபுடிச்சாரு. அவரு இல்லன்னா நான் இன்னிக்கி இல்ல." ஒரு வார்த்த பொய் இல்ல, ஒரு வார்த்த நெசமும் இல்ல. குப்பம் டவுன்ல இருந்தெல்லாம் ஃபோனு வருது எனக்கு. ரத்னம்மா மோருல எனக்கும் ஒரு சொம்பு வைக்கறா. பெரிய மனசுலயும் அவதான் முன்னால நிக்கறா, அதுக்கும் எனக்கு வயிறு எரியுது. இன்னா பண்றது சொல்லுங்க?

இப்ப அவ எந்த ட்ரெய்லரு செஞ்சாலும், அச்சு ஒட்டறதுக்கு முன்னால ரோட்ட தாண்டி வந்து என்னக் கூப்புடுவா. டீக்கடை பூரா பாக்கும். இன்னா மரியாத பாருன்னு பேசிப்பாங்க. நேத்தும் வந்தா. நான் எழுந்து வேட்டிய சரி பண்ணிக்கினு கூட நடந்தேன். ரோட்டு நடுவுல, யாருக்கும் கேக்காம சொன்னா:

"ஒட்டறதுக்கு முன்னாலயே கூப்புட்டுடறேண்ணா. பாவம், நீங்க எதுக்கு மூணு நாளு பாத்துக்கினு குந்தியிருக்கணும்."

போயி அச்சப் பாத்தேன். சரியா இருந்துச்சி. சரியா இருக்குதுன்னு சொல்லிட்டு வந்தேன்.