எல்லோருக்கும் ஒரு கூப்பன்

பார்சல் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அவளுடைய அப்பா, தள்ளுபடி கூப்பன் அச்சடிக்கக் கொடுத்த அன்றே நூறாக இருந்த சாப்பாட்டை நூற்றிருபத்தைந்து ஆக்கினார். கூப்பன் காட்டினால் இருபது சதவீதம் தள்ளுபடி, மறுபடியும் நூறு. தெருவே அவரை மகராசன் என்றது.

கடையில் வீட்டு ஆட்களும் காசு கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும். மகள் எப்போதும் கூப்பனை மறந்துவிட்டு வருவாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டுவார்.

அவள் புள்ளியியல் படித்தவள். "வராதவனை வரவைக்கத்தான்ப்பா கூப்பன். நீங்க வரிசையில நிக்கிறவனுக்கே கொடுக்கிறீங்க. அதுக்குப் பேசாம நூறுன்னே போட்டுரலாமே?"

"விலையைக் குறைச்சா கடை நொடிச்சுப் போச்சும்பான். கூப்பன் கொடுத்தா, தான் கெட்டிக்காரன்னு நினைச்சுக்குவான். சோறு ஒண்ணுதாம்மா, ருசி வேற."

வாதம் ஏழு வருடம் நடந்தது. போன மாதம் அப்பாவுக்கு மாரடைப்பு வந்து மகளை ஜெயிக்க வைத்தது.

இனி கடை ஓடினால்தான் அம்மாவுக்குப் பிழைப்பு. இரண்டு வாரம் கழித்து ஷட்டரைத் தூக்கியவள், கூப்பனை நிறுத்திவிட்டுப் பலகையில் 'சாப்பாடு 100' என்று எழுதினாள். கணக்கில் ஒரு காசு வித்தியாசமில்லை. ஒரே வாரத்தில் கூட்டம் பாதியானது.

எதிர்க்கடை தையல்காரர் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தார். "ஏம்மா, அரிசியை மாத்திட்டீங்களா?"

"அதே அரிசிதான் அண்ணே."

"அப்புறம் ஏன் விலை இறங்குச்சு? மறைக்காதம்மா."

"அதே அரிசி, அதே கை, அதே கரண்டி!" அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள்.

"உங்களைச் சொல்வேனாக்கா?" என்றவர் பொட்டலத்தை வாங்காமலே போய்விட்டார்.

மறுநாள் பலகையில் 125 ஏறியது. அச்சகத்திலிருந்து கூப்பன் கட்டு வந்தது. தையல்காரர் ஒன்றை வாங்கி, அதையே திருப்பி நீட்டி, நூறு கொடுத்து, நின்றபடியே ஒரு வாய் போட்டார்.

"இதும்மா சோறு! உங்கப்பா கைப்பக்குவம் அப்படியே இருக்கு."

அப்பா ஆயுளில் அடுப்புப் பக்கம் போனதில்லை.

மதியம் ஓய்ந்தபோது அவளுக்குப் பசித்தது. கல்லாவில் இருந்த அம்மா பழக்கதோஷத்தில் கையை நீட்டினாள்.

"கூப்பன்?"

கட்டு வரிசையிலேயே தீர்ந்திருந்தது. ஆணியில் அப்பாவின் சட்டை தொங்கியது. அதன் பைக்குள் அவள் கையை விடவில்லை. நூற்றிருபத்தைந்தை எடுத்து வைத்தாள்.

அந்தக் கடையில் முழு விலை கொடுத்த முதல் ஆள் அவள்தான்.