சிவப்புக் கார் நின்ற இடம்

பாரிஸிலிருந்து எட்டரை மணி நேரம் பறந்து, பிற்பகல் இரண்டு மணிக்கு ரொறன்ரோவில் இறங்கினேன். ஒரு சின்னப் பெட்டி, பத்து நாளில் திரும்ப ரிக்கெட், கைப்பையில் ஒரு பழைய படம். படத்தில் மீசை முறுக்கிய தேவன் சிவப்புக் காரில் சாய்ந்து நிற்கிறார். யாழ்ப்பாணத்தில் என்னைக் கட்டுவதாகச் சொல் கொடுத்துவிட்டு அகதியாகக் கனடா போனவர், முதல் வருடம் அனுப்பிய படம். கூப்பிடுவார் என்று நான்கு வருடம் காத்திருந்தேன். பிறகு அண்ணன் என்னைப் பாரிஸில் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார். கணவர் காலமாகி ஆறு வருடம். தேவன் கலியாணமே கட்டவில்லை. போன மாதம் தொலைபேசியில், "அண்டைக்குக் குடுத்த சொல்லு அப்பிடியே இருக்கு. வாரும், கலியாணத்தை எழுதுவம்" என்றார்.

சந்தோஷப்பட்டேன், பயமும் வந்தது. காரணம் ஒரு நாவல். பிரெஞ்சு மாலை வகுப்பில் வாசித்த பழைய நையாண்டிக் கதை. காதலியைத் தேடி ஒருவன் உலகமெல்லாம் அலைகிறான். கண்டுபிடிக்கும்போது அவள் அழகெல்லாம் போய்விட்டது. ஆசை விட்டுப்போனாலும் சொன்ன சொல்லுக்காகக் கட்டுகிறான். வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. அவள் கண்ணுக்கு அவன் எப்படித் தெரிந்தான் என்று யாரும் கேட்கவில்லையே!

விமான நிலைய வாசலில் நின்ற மனிதரை முதலில் கடந்தே போய்விட்டேன். தலை மொட்டை, மீசையும் இல்லை. "கமலா" என்று கூப்பிட்ட குரல் மட்டும் தேவனுடையது.

"கார் எங்கை?"

"பஸ்ஸிலை போவம்."

மூன்று டொலர் முப்பது சதம். இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை தரமும் ஏறி இறங்கலாம். கிப்ளிங் நிலையம் வரை பஸ், பிறகு கிழக்கே நிலக்கீழ் ரயில். அவருடைய வீடு தொலைவில், வோபர்னில். ரயிலில் படத்தை எடுத்துக் காட்டினேன். பார்த்தார்; பாதி வழியில் ஷேர்போர்ன் நிலையம் வந்ததும் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

பத்து நிமிட நடை. சென் ஜேம்ஸ் ரவுணின் மாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு கார் நிறுத்துமிடம்.

"இதிலைதான் எடுத்தது. கார் என்ரை இல்லை, வேறை ஆற்றையோ. எல்லாரும் அதிலை சாஞ்சு நிண்டுதான் ஊருக்குப் படம் அனுப்பினவை. எனக்கு இண்டைக்கும் லைசென்ஸ் இல்லை. ஒரு அறையிலை ஏழு பேர் இருந்தனாங்கள், கமலா. அதுக்குள்ளை உம்மைக் கூப்பிட வெக்கமாக் கிடந்தது."

நான்கு வருடம் நான் அழுதது இந்த வெட்கத்தாலா? மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் நானும் ஒன்றும் லேசுப்பட்டவள் இல்லை.

"அப்ப நான் உங்களுக்கு அனுப்பின படத்திலை கழுத்திலை கிடந்தது மச்சாளின்ரை சங்கிலி" என்றேன்.

இருவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ. எயர்போட்டிலை என்னைக் கண்டோடனை என்ன நினைச்சனீங்கள்?"

"மனம் திக்கெண்டது. நான் நினைச்சிருந்த பெட்டை வரேல்லை. ஆனா, குடுத்த சொல்லு..."

"எனக்கும் திக்கெண்டதுதான். அந்தச் சொல்லை விட்டிடுங்கோ. அதுக்காக என்னைக் கட்ட வேண்டாம்."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலையத்தை நோக்கித் திரும்பினார். என் முழங்கால் வலிக்கு ஏற்றபடி மெதுவாகவே நடந்தார். இரண்டு மணி நேரம் முடிந்துவிட்டது. திரும்பவும் காசு கட்டி ஏறினோம்.

வோபர்னில் எனக்கு அறையைத் தந்துவிட்டு அவர் வெளியே சோபாவில் படுத்தார். என் குறட்டை அங்கேயும் கேட்கிறதாம். அவருடைய மீன் குழம்பில் தினமும் உப்புக் கூடுதல். ஏழாம் நாள் அவர் வேலையிலிருந்து வர அரை மணி பிந்தியது. நான் யன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். படத்தில் நின்றவரை அல்ல, இந்த மொட்டைத் தலைக்காரரை எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

பத்தாம் நாள் விமான நிலையத்தில் பெட்டியை என் கையில் தந்தார்.

"பழைய சொல்லை விட்டிட்டன். இப்ப புதுசாக் கேக்கிறன். என்னைக் கட்டுவீரோ?"

பெட்டியைக் கீழே வைத்தேன்.

"இஞ்சை கேட்டால் மறுமொழி இல்லை. இந்த முறை நீங்கள் தேடி வாங்கோ. பாரிஸிலை வந்து கேளுங்கோ."

"அங்கை எயர்போட்டிலை இருந்து எப்பிடி வாறது?"

"நான் வந்து நிப்பன். ஆனா எனக்கும் லைசென்ஸ் இல்லை. ரயிலிலைதான் கூட்டிக்கொண்டு போவன்."