நான் கை நீட்டாத வரை

அன்று வீட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, அக்கா, நான், தம்பி. இவர்களோடு, அக்காவுக்குப் பரிசம் போட்டு ஒரு மாதமாகியிருந்த மாப்பிள்ளை. அவரையும் சேர்த்தால் ஆறு பேர். சேர்க்கலாமா கூடாதா என்பதுதான் என் சிக்கல்.

பரிசத்தன்று கதவிடுக்கில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா தாம்பாளத்தை நீட்டினார். அப்பாவும் அம்மாவும் வாங்கிக்கொண்டார்கள். "வாங்கிட்டீகல்ல, இனி இது எங்க வீட்டுப் புள்ள" என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. தலை பின்னுவது, பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் கேரியரில் ஏற்றிப்போவது, இடி இடித்தால் காதைப் பொத்துவது எல்லாமே எனக்கு அக்காதான்.

ஆனால் நான் எதுவும் வாங்கவில்லையே? வீட்டில் ஒரு ஆள் வாங்காமல் நிற்கும்வரை அக்காவைக் கூட்டிப்போக முடியாது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். பத்து வயதிலேயே எனக்கு இப்படித்தான். நடக்காததையெல்லாம் நினைத்து முன்கூட்டியே பயந்து வைப்பேன்.

மாப்பிள்ளைக்கு எம்.ரெட்டியபட்டி. அருப்புக்கோட்டையில் மோட்டார் ரிப்பேர் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால் அக்காவோடு நின்று பேசக் கூடாது என்பதால், "புள்ளைகளப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று ஞாயிறுதோறும் பாலவனத்தத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். முதல் வாரம் கலர் பென்சில் பெட்டி. அடுத்த வாரம் ரோஸ் கலர் வாட்ச். அதற்கடுத்து ஒரு பொம்மை. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். "வாங்குடி, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு!" என்று அம்மா இடுப்பில் கிள்ளுவாள். தம்பி தனக்கு வந்த காரை அன்றைக்கே உடைத்துவிட்டு, மறுவாரத்துக்கு என்ன வேண்டும் என்று சொல்லியும் அனுப்புவான்.

பின்னாளில் நான் கல்யாணமாகிப் போனபோது, கொழுந்தனுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ என்று கிரிக்கெட் மட்டையை மூன்று தடவை கடையில் மாற்றினேன். அப்போதுதான் அந்த மனிதர் பட்ட பாடு தெரிந்தது.

நாலாவது ஞாயிறன்று அவர் வெறுங்கையோடு வந்தார். சுவரோரம் அக்காவின் சைக்கிள் காற்றில்லாமல் சாய்ந்து கிடந்தது. அதையே பார்த்துவிட்டு, "ஏத்தா, இதுக்குப் பஞ்சர் ஒட்டணும். டியூப்பப் புடிக்க ஆள் வேணும். வாரியா?" என்றார்.

யோசித்தேன். இது வாங்குவதில்லை, கொடுப்பதுதான். போனேன்.

அவர் காற்றடிக்க, நான் டியூப்பைக் குண்டாத் தண்ணீருக்குள் அமுக்கினேன். முட்டை முட்டையாக நுரைத்த இடத்தை நானே கண்டுபிடித்தேன். டயரில் கருவேல முள் ஒடிந்து நின்றது. "கண்ணு கூருதான்" என்றார். ஒட்டி முடித்து, "காத்து நிக்குதான்னு பாக்கணும், ஏறி உக்காரு" என்றார். அதுவும் வேலைதானே என்று ஏறினேன். சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். கண்மாய்க்கரை வரை போய்த் திரும்பினோம். மறுபடியும் போனோம். மூன்றாவது தடவை பின்னால் மூச்சுச் சத்தத்தைக் காணோம். திரும்பிப் பார்த்தால் அவர் வேப்பமரத்தடியில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். அடுப்பெரிக்க அடுக்கியிருந்த பருத்திமார்க் கட்டுக்குள் நேராகப் போய் விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்தே சிரித்தேன்.

என் சட்டம் தம்பிக்குத் தெரியும். "ஏ, இவ வாங்கிட்டா! சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டா, மச்சான்கிட்ட வாங்கிட்டா!" என்று குதித்தான்.

சிரிப்பு அப்படியே நின்றது. பென்சில் என்றால் திருப்பிக் கொடுக்கலாம். பழகியதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஓவென்று அழுதேன். அவர் ஓடிவந்து, எங்கே அடி என்று முழங்காலைத் தடவினார். விக்கி விக்கி என் சட்டத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். பிறகு, "நீ ஒண்ணும் வாங்கலத்தா. நீதான எனக்கு வேல செஞ்சு குடுத்த?" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அடுப்படிக்கு ஓடினேன்.

"அக்கா, நான் ஒண்ணும் வாங்கல. அவுகளே சொல்லிட்டாக. நீ போக வேணாம்!"

அக்கா என் தலையில் ஒட்டியிருந்த பருத்திச் சருகை எடுத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "போக வேணாமா?" என்றாள். வெளியே அவருடைய வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. என்னை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனாள். சத்தம் மெயின்ரோட்டில் ஏறிக் கரையும்வரை கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

நான் அவளைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். போக அவளுக்கு ஆசையாக இருக்குமோ என்று ஒரு தரம்கூட எனக்குத் தோன்றவில்லை.