வாசலில் கவிழ்த்த செம்பு

நான் இந்தத் தொழிலை ஆரம்பித்தது ஒருவரைப் பழிவாங்கத்தான். கேட்கிறவர்களிடம் பண்பாட்டுப் பரிமாற்றம், மனித உறவு என்றெல்லாம் அழகாகச் சொல்வேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் ஆரம்பம் வன்மம்.

பெரம்பலூரில் ஒரு டிராவல்ஸில் கைடாக இருந்தேன். வெளிநாட்டுக்காரர்களை வேனில் ஏற்றி, அரியலூர் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் புழுதி தின்றுகொண்டே கங்கைகொண்ட சோழபுரம் போய், கோயிலைக் காட்டித் திரும்ப வேண்டும். வழியில் ஊர்க்காரர்கள் யாரோடும் அவர்களைப் பேசவிடக் கூடாது என்பது முதலாளியின் சட்டம்.

ஒருநாள் விக்கிரமங்கலம் பக்கம் டயர் பஞ்சர். முதலாளியும் வேனில் இருந்தார். எங்கள் வீடு கூப்பிடு தூரம்தான். டயர் மாற்றும்வரை நிழலில் இருக்கட்டும் என்று எல்லோரையும் அழைத்துப்போனேன். முதலாளியும் வேண்டாவெறுப்பாகக் கூடவே வந்தார்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர். எந்த ஊர், என்ன விஷயம் என்பதெல்லாம் அப்புறம். அம்மா செம்பை நீட்ட, ஒரு பிரெஞ்சுக்காரப் பெண் இரண்டு கையாலும் வாங்கினாள். முதலாளி எட்டிப் பிடுங்கி வாசலில் கவிழ்த்தார்.

“இந்தத் தண்ணியக் குடிச்சா நாளைக்கு ஆஸ்பத்திரிதான்” என்றார் என்னிடம், அம்மா காதுபட.

அது தங்கையின் கைக்குழந்தைக்காகக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். அவர் கேட்கவே இல்லை. வெறும் செம்போடு உள்ளே போன அம்மா, வேன் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அந்த வாரமே வேலையை விட்டு, சொந்தமாக வெளிநாட்டுக்காரர்களை எங்கள் ஊருக்கே அழைத்துவர ஆரம்பித்தேன்.

என் தொழிலில் கோயில் அரை நாள்தான். மீதி நேரம் விருந்தாளிகள் எங்கள் தெருப் பெண்களோடு முந்திரித் தோப்பில் பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுப்பார்கள், வீட்டில் இலைபோட்டுச் சாப்பிடுவார்கள். பேச்சை நான் மொழிபெயர்ப்பேன். முதல் நாளே பக்கத்து வீட்டு அக்கா ஒரு ஜெர்மன்காரியிடம் கேட்டாள்: “உங்க மாமியா உங்க கூடத்தான் இருக்குதா?” இல்லை, வேறு ஊரில், ரயிலில் ஆறு மணி நேரம் என்றாள் அவள். “குடுத்து வச்சவ” என்றாள் அக்கா. அப்புறம் இருவரும் மாமியார்களை உரித்த வேகத்துக்கு என் வாய் ஈடுகொடுக்கவில்லை.

போன மாசியில் பழைய முதலாளி போன் செய்தார். அவரிடம் வருகிறவர்கள் எங்கள் வீட்டுச் சாப்பாடு இருந்தால்தான் வருவோம் என்கிறார்களாம். குரலில் அப்படி ஒரு குழைவு.

“சரிங்க சார். ஆனா நீங்களே கூட்டிட்டு வரணும்” என்றேன்.

அதே செம்பில், அம்மா கையால், கடைசிச் சொட்டுவரை அவரைக் குடிக்கவைப்பதுதான் என் திட்டம். அதை நினைத்தே பல நாள் தூங்கியிருக்கிறேன். அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே செம்பைப் புளி போட்டுத் தேய்த்தாள்.

வந்தார்கள். அம்மா செம்பிலிருந்து ஒவ்வொரு டம்ளராக ஊற்றிக் கொடுத்தாள். கடைசியில் முதலாளி. சிரித்த முகமாக அவரே கையை நீட்டினார். அம்மா செம்பைக் கீழே வைத்தாள். உள்ளே போய், கடையில் வாங்கிவைத்திருந்த தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து அந்தக் கையில் கொடுத்தாள். இது என் திட்டத்தில் இல்லை.

“உங்களுக்குத்தான் எங்க வூட்டுத் தண்ணி ஒத்துக்காதுங்களே” என்றாள்.

டம்ளர்கள் பாதியில் நின்றன. அவருக்கு மட்டும் ஏன் பாட்டில் என்று ஒரு விருந்தாளி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார், வேண்டாம் என்பதுபோல.

மொழிபெயர்ப்பதுதானே என் தொழில். பஞ்சரான டயரிலிருந்து ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னேன்.