ஒன்றேகால் மீட்டர் குடல்

கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடி, பட்டுப் பிரிவில் பதினொரு வருஷம் நின்றவள் கிருஷ்ணவேணி. மலையாளத்துக்குப் பிழைக்க வந்த தென்காசிக்காரி. புருஷன் ராஜையன் கொத்தனார். ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று கடையில் பேச்சு.

போன வருஷம் ஒரு மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்தபோது சிறுகுடல் முறுக்கி, ரத்தம் ஓடாமல் கறுத்துக் கிடந்தது. கறுத்ததை வெட்டி எடுத்தார்கள்.

டாக்டர் மாளவிகா கோட்டைக்குப் பக்கத்து ஸ்ரீவராகத்துத் தமிழ்க் குடும்பத்துப் பெண். தமிழிலேயே சொன்னாள்: "இரைப்பை அரைச்சுக் குடுக்கறதோட சரி. சத்தை ரத்தத்துல சேர்க்கறது சிறுகுடல்தான். எல்லாருக்கும் ஆறு மீட்டர்போல இருக்கும், உங்களுக்கு மிச்சம் ஒண்ணேகால். ரெண்டு மணிக்கொரு தரம் கொஞ்சமாச் சாப்பிடுங்கோ. சாப்பாட்டோட தண்ணி வேண்டாம். இருக்கற குடல் மெதுவாப் பழகிக்கும். வருஷம் ரெண்டுகூட ஆகலாம்."

அதன்பிறகு ஓயாத பசி. தின்றதெல்லாம் தங்காமல் ஓடியது. எடை முப்பத்தொன்பது கிலோவுக்கு இறங்கியது. எங்கே போனாலும் கண் முதலில் கழிவறையைத் தேடும். வீட்டிலும் உட்காருவாள், எழுவாள், வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பாள்.

"செத்த ஒரு இடத்துல இரேன்," என்பான் ராஜையன்.

"நான் என்ன வேணும்னேயா ஓடுதேன்?"

மறுபடி வேலைக்கு வந்தாள். ஓண வியாபாரக் கூட்டத்தில் கழிவறைக்குப் போனவளைச் சூப்பர்வைசர் ஜெயன் வழிமறித்தான். "எந்தா சேச்சி, காலையிலேர்ந்து இது ஆறாமத்தெ தடவை அல்லே? கஸ்டமர் நிக்கிறாங்கல்லோ."

விரித்துப் போட்டிருந்த பட்டுச்சேலையின் முந்தானையை எடுத்துக் காட்டினாள். "சார், இந்தச் சேலை நீளத்துக்கு உங்க வயித்துல குடல் இருக்கு. எனக்கு இந்த முந்தானை அளவுதான். வேலை செய்ய மாட்டேன்னு சொல்லலை. திங்கவும் போகவும் விடுங்க. இல்லைன்னா இந்த உடம்பு நிக்காது."

சேலை பார்க்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயன் விலகி நின்றான். மறுநாள் அவளைக் கீழே பேக்கிங் பிரிவுக்கு மாற்றினான். பக்கத்திலேயே கழிவறை, உட்கார ஒரு ஸ்டூல், டிபன் டப்பா வைக்க ஒரு அலமாரித் தட்டு. நல்லதுதான். ஆனாலும் பட்டைத் தொடாத கை எதையாவது மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே இருந்தது.

மாதமொரு பி12 ஊசி ஆயுசுக்கும் உண்டு. ஆனால் எடை நாற்பத்து நான்குக்கு ஏறியது. ஓட்டமும் நாளுக்கு மூன்று நான்கு தடவையாகக் குறைந்தது.

இந்த மே மாதம் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு ராஜையனோடு தென்காசிக்குப் பஸ் ஏறினாள். இடையிடையே இட்லித் துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். பாலோடு தாண்டியது, குளத்துப்புழை தாண்டியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கம்பியைப் பிடித்து எழப்போனாள், பிறகு உட்கார்ந்தாள்.

"இறங்கணுமா?" என்றான் ராஜையன்.

"வேண்டாம்," என்றாள். செங்கோட்டை வரும்வரை அவள் இறங்கவேயில்லை, கம்பியை விடவுமில்லை.